கட்டைப்பைக்கு ஓர் இடம்

பால்காய்ப்பு வீட்டுக்குப் போனால் முதலில் கைக்குக் காப்பி வரும் என்று நம்பிப் போகிற காலம் முடிந்துவிட்டது. இப்போது முதலில் கப்போர்டைத் திறந்து காட்டுகிறார்கள். இந்த ஆவணி முகூர்த்தங்களில் திருநெல்வேலிப் பேட்டையிலிருந்து கே.டி.சி. நகர் வரை புதுவீடு புகுந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வீட்டைத்தான் கட்டியிருக்கிறார்கள். அழுத்தினால் திறக்கிற கதவு, இழுத்தால் சத்தமில்லாமல் வருகிற இழுப்பறை, மூலையில் சுற்றுகிற தட்டு, சிலிண்டருக்கு ஒரு கதவு, குப்பைக்கூடைக்கு ஒரு கதவு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, "ரொம்ப வசதியா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் பந்தியில் உட்கார அனுமதி. எல்லாம் செல்போனில் ஓடுகிற காணொளிகளின் வேலை. வீட்டை ஒழுங்காக வைக்கப் பத்து யோசனை, இருபது யோசனை என்று வருகின்றனவே, அந்த இருபதையும் உரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது: இன்னொரு அலமாரி அடி. அலமாரி அடித்த வீட்டில் சாமான் குறைந்ததாகச் சரித்திரமே கிடையாது. காலி இழுப்பறையைக் கண்டால் நம் கை சும்மா இராது. முதல் வாரம் ஸ்பூன், இரண்டாம் வாரம் செத்துப்போன ரிமோட், மூன்றாம் வாரம் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து. வீடு ஒழுங்காக இருக்க வேண்டியது இரண்டே இரண்டு. கீழே வெறுந்தரை, மேலே ஒரு பரண். நடுவில் இருப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

இதற்குச் சாட்சி தேடி வெளிநாடு போக வேண்டாம், சேரன்மகாதேவி பக்கம் போனால் போதும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றங்கரை ஊர்களில் இன்னும் இடிக்காமல் தப்பித்திருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள். திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒரே நேராகப் போகும். தெருவில் நின்றால் கொல்லைக் கிணற்றடி தெரியும். இதில் பட்டாசல் என்கிற கூடத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் அது காய் நறுக்குகிற இடம், மத்தியானம் பந்தி, சாயங்காலம் பிள்ளைகள் படிக்கிற இடம், ராத்திரி பத்துப் பேர் படுக்கிற இடம், வீட்டில் பெண் பார்க்க வந்தால் சபை. ஒரே அறை இத்தனை வேஷம் கட்ட முடிந்ததற்குக் காரணம், அதில் எதையும் நட்டுவைக்கவில்லை என்பதுதான். சோபா வந்து உட்கார்ந்த அன்றைக்கு அந்த அறையின் வேலை முடிவாகிவிட்டது. இனி அது சோபாவுக்குக் காவல் இருக்கும், அவ்வளவே.

படுக்கைக்கு அந்த வீடுகளில் இருந்தது பாய். அதிலும் நம் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த கோரையை அறுத்துக் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, நார் நாராகக் கிழித்து, பருத்தி நூலை ஊடே ஓட்டி நெய்கிறார்கள். நைசு ரகத்துக்குப் பட்டுப்பாய் என்றே பேர். துணி மாதிரி மடியும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பேரைப் பாயிலேயே நெய்து கொடுப்பதும் உண்டு. புவிசார் குறியீடெல்லாம் வாங்கியாகிவிட்டது. விரித்தால் படுக்கையறை, சுருட்டி மூலையில் சாத்தினால் அறை காலி. இதைவிடச் சிக்கனமான சாமானை எந்த ஊர் நிபுணர் கண்டுபிடித்தார்? நாம் அந்தப் பாயை என்ன செய்கிறோம் என்றால், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அதற்கு மேலே இரண்டு ஸ்பாட் லைட். கீழே ஆறடிக்கு ஆறரை அடிக் கட்டில்.

உடனே ஆட்சேபம் வரும். "அண்ணாச்சி, பாயில படுத்தா எந்திரிக்க முட்டி ஒத்துழைக்கணும்லா?" நியாயம். முட்டி தேய்ந்தவர் கட்டிலில் படுக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பையனின் முட்டிக்கு என்ன கேடு வந்தது? இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அந்தப் பழைய வீட்டில் பத்துப் பாயையும் விரித்ததும் சுருட்டியதும் பெண்கள்தான், பட்டாசலை வாரியல் போட்டுப் பெருக்கியதும் அவர்கள்தான், அடுக்களையில் வெளிச்சமும் கிடையாது, புகை போக வழியும் கிடையாது; அது போக, திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவோடு நிற்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. எல்லாம் உண்மை. அந்தக் கணக்கையும் அந்தப் புகையையும் யாரும் திரும்பக் கேட்கவில்லை. சுருட்டி வைக்கிற புத்தியை மட்டும்தான் கேட்கிறோம். பாயை ஆண்பிள்ளைகளும் சுருட்டலாம், கோரைக்கு அதில் ஆட்சேபம் இருக்காது.

சரி, அடுத்து கட்டைப்பை விவகாரத்தை முடித்துவிட வேண்டும். எந்த மாடுலர் கிச்சன்காரரும், எந்த இருபது யோசனைக்காரரும் இதுவரை வாய் திறக்காத விஷயம் கட்டைப்பை. டவுன் ரத வீதியிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு கைக்குட்டை எடுத்தால்கூடப் பை கொடுப்பார்கள். கல்யாண ஜவுளி எடுத்தால் சேலைக்கு ஒரு பை, வேட்டிக்கு ஒரு பை, இரண்டையும் போட்டுக்கொள்ள இன்னொரு பெரிய பை. கல்யாணத்துக்குப் போனால் தேங்காயும் வெற்றிலையும் போட்டு ஒரு மஞ்சப்பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்கள், 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசே இயக்கம் தொடங்கியது. நல்ல காரியம்தான், பையின் மேல் இருந்த பாசத்துக்குச் சட்டமும் சம்மதம் கொடுத்துவிட்டது. வீட்டில் பைகளை எங்கே வைக்கிறோம்? பைக்குள் வைக்கிறோம். சின்னப் பை நடுத்தரப் பைக்குள், நடுத்தரப் பை பெரிய பைக்குள், பெரிய பை கதவுக்குப் பின்னால் ஆணியில். ஆணி தாங்காது, கதவு மூடாது. பைகளுக்குள் ஜாதகம் பார்க்காத வரிசை ஒன்று உண்டு. ஜரிகை எழுத்துப் போட்ட புதுப்பை வெளியூர் விருந்துக்கு; சற்றுப் பழகியது கோயிலுக்கு; கைப்பிடி நூல் பிரிந்தது மார்க்கெட்டுக்கு; அடி கிழிந்தது ரேஷன் அரிசிக்கு; அதற்கும் ஆகாதது மிதியடி. எந்தக் கட்டைப்பையும் இயற்கையாகச் செத்ததில்லை. கொழுந்தியாள் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிட்ட பை திரும்பி வரவில்லை என்றால் அந்த உறவில் ஒரு கீறல் விழும். திரும்பி வந்த பை நாம் கொடுத்ததைவிடச் சின்னதாக இருந்தால் கீறல் ஆழமாகும். பையே வேண்டாம் என்று கடையில் மறுத்துவிடலாமே என்பார்கள். மறுத்துப் பாருங்கள், கூட வந்தவர் நம்மை முறைப்பார். காசு கொடுத்த சாமானைவிடச் சும்மா வந்த பையின் மேல்தான் நமக்கு உரிமை அதிகம். இவ்வளவு பெரிய ஜனத்தொகை ஒவ்வொரு வீட்டிலும் குடியிருக்க, இரண்டு லட்ச ரூபாய்க்கு அடுக்களை போட்டுக் கொடுக்கிறவர் கரண்டிக்குப் பள்ளம் வெட்டி, கத்திக்குப் பள்ளம் வெட்டி, பைக்கு ஓர் ஆணிகூட அடிக்காமல் போகிறார். கேட்டால் "டிசைன்ல வராது சார்" என்கிறார்.

வேண்டாததைத் தூக்கிப் போட்டால் தீர்ந்தது என்று ஒரு கட்சி இருக்கிறது. ஜப்பானின் மேரி கோண்டோ எழுதிய புத்தகம் 2014இல் ஆங்கிலத்துக்கு வந்து உலகத்தையே பீரோவைக் காலி செய்ய வைத்தது. கையில் எடுத்துப் பார், மகிழ்ச்சி தந்தால் வை, தராவிட்டால் அனுப்பிவிடு என்பது அவருடைய முறை. தாம்பாளத்தையும் தூக்குவாளியையும் கையில் எடுத்தால் யாருக்கும் மகிழ்ச்சி பொங்காது. ஆனால் ஆடி அமாவாசைக்கும் பிள்ளையின் காதுகுத்துக்கும் அவை வேண்டும். அந்த அம்மாளே மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு ஒழுங்குபடுத்துகிற வேலையை ஏறக்குறைய விட்டுவிட்டதாக 2023இல் சொல்லிவிட்டார். அது கிடக்கட்டும், தூக்கிப் போடுகிற பொருள் எங்கே போகிறது என்று இந்தக் கட்சி கேட்பதே இல்லை. நமக்கு அந்தப் பதில் தெரியும். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றோடு விட்ட துணிகளைத் தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். பீடையைக் கழித்தவர் ஊருக்குப் போய்விட்டார். அந்தச் சேலையும் வேட்டியும் பாறைக்குப் பாறை சுற்றிக்கொண்டு, அதே தண்ணீரைக் குடிக்கிற நமக்கு வந்து சேர்ந்தன. நம் வீட்டைக் காலி செய்வது இன்னொருத்தர் படித்துறையை நிரப்புவதாக முடிந்தால் அது ஒழுங்கில் சேராது.

ஆகவே தூக்கிப் போடாதீர்கள், மேலே ஏற்றுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு வீடுகளுக்குள் நுழைந்தபோது எது பிழைத்தது? தரையோடு தரையாக அடித்த ப்ளைவுட் எல்லாம் ஊறி உப்பியது. பரணில் கிடந்த பித்தளை நனையவில்லை. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறை முருகனுக்கு இந்தச் சூட்சுமம் என்றைக்கோ தெரியும். வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தண்ணீர் கோயிலை மூழ்கடித்துவிட்டு வடியும், பிறகு கழுவிவிட்டுப் பூஜை நடக்கும். கீழே இருப்பது நனைந்தால் பாதகமில்லாத கல், நனையக்கூடாதது மேலே. சாமான் வைப்பதற்கு இதைவிடத் தெளிவான விதி இருந்தால் யாராவது சொல்லட்டும். வயதானவர்கள் ஏணி ஏற முடியாதே என்பார்கள். ஏற முடியாமல் இருப்பதுதான் பரணின் பெருமை. எட்டாத இடத்தில் இருக்கிற பொருளை உண்மையில் வேண்டும்போது மட்டும்தான் எடுப்போம். கண்ணுக்கு நேரே இருக்கிற இழுப்பறையை வாய்தா வாங்கியவர் மாதிரி நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருப்போம்.

இவ்வளவு உபயோகமான அந்த உயரத்தைத்தான் இப்போது ஃபால்ஸ் சீலிங் என்று சொல்லி ஜிப்சம் பலகை அடித்து மூடுகிறார்கள். அழகுக்காம். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் காற்றை நம்பித்தான் கயத்தாறில் காற்றாலைகள் நிற்கின்றன; அதே காற்று நம் வீட்டுக்குள் வந்துவிடக்கூடாது என்று மேற்கு ஜன்னலை மறைத்து டிவி யூனிட் அடித்து, பழைய நேர்வாசலை மறித்து ஒரு தடுப்பு வைத்து, அதன் முன்னால் பாயசம் காய்ச்சிய உருளியில் தண்ணீர் ஊற்றிப் பிளாஸ்டிக் தாமரையை மிதக்கவிட்டு, அப்புறம் வேர்க்கிறது என்று ஏசி போடுகிறோம். ஏசி குளிர்ச்சி மேலே வீணாகாமல் இருக்கத்தான் சீலிங்கைத் தாழ்த்துகிறோம் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். காற்றை அடைத்தவருக்குக் காற்று விலைக்கு வருகிறது, சமாதானம் இலவசம். ஆனால் கூரைக்கும் பலகைக்கும் நடுவே மிஞ்சுகிற அந்த ஒன்றரை அடி இடத்தை யாராவது பயன்படுத்தத்தானே செய்வார்கள்? எலி பயன்படுத்துகிறது. ராத்திரி தலைக்கு மேல் ஓட்டம் தாங்காமல் ஆளைக் கூப்பிட்டால், அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு ஓரத்தில் சதுரமாக ஓர் ஓட்டை அறுக்க வேண்டும் என்பார். அறுத்த ஓட்டை அசிங்கமாக இருக்கிறது என்று கார்ப்பென்டர் அதற்கு ஒரு கதவு போடச் சொல்வார். கதவும் போட்டுவிட்டால் அதற்குப் பேர் பரண்தான். என்ன, ஜிப்சம் பலகை ஒரு தாம்பாளத்தைக்கூடத் தாங்காது.