விரல் நீள விருந்தாளி

கேள்வி: வெளியூர் மீனை ஏரியில் விட்டாலே கேடு என்கிறார்களே, நன்மை நடந்ததே இல்லையா?

பதில்: நடந்திருக்கிறது, அதுவும் விரல் நீள மீனால்! சாம்பேசி ஆற்றின் குறுக்கே 1959-இல் அணை எழும்பியது. சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே சுமார் 280 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரிபா ஏரி விரிந்தது. ஆற்று மீன்களுக்கு நடு ஏரி ஒத்துவரவில்லை, கரையோரமே ஒண்டிக்கொண்டன. அவ்வளவு பெரிய வீட்டில் கூடம் காலி!

1967, 68-இல் டாங்கனீக்கா ஏரியிலிருந்து கப்பெண்டா என்ற மத்தி இனக் குட்டி மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களைத் தின்றே பெருகியது. இரவில் படகிலிருந்து விளக்குப் போட்டால் கூட்டமாக மேலே வரும். கீழே இறக்கிய வலையைத் தூக்க வேண்டியதுதான். பௌர்ணமியன்று நிலா போட்டிக்கு வந்துவிடும், மீன் ஏமாறாது. உப்பிட்டு வெயிலில் காயவைத்தால் போதும், ஐஸ் பெட்டி இல்லாத வீட்டுக்கும் போய்ச் சேரும். சோள மாவுக் களிக்கு அருமையான துணை; ஏழைத் தட்டில் விழும் புரதம் என்பதால் எனக்கு இந்த மீன்மேல் தனிப் பிரியம்.

அதற்காகக் கண்ட ஏரியிலும் கண்ட மீனை விடாதீர்கள். விக்டோரியா ஏரியில் விட்ட நைல் பெர்ச், அங்கே மட்டுமே வாழ்ந்த எத்தனையோ மீனினங்களை விழுங்கிவிட்டது. கரிபாவில் நடு ஏரி காலியாக இருந்ததுதான் அதிர்ஷ்டம். நம் கப்பெண்டாவோ அணையின் டர்பைன்களையும் தாண்டி, கீழே மொசாம்பிக்கின் கஹோரா பாசா ஏரியிலும் யாரும் கூப்பிடாமலே குடியேறிவிட்டது!