யாரையும் நம்பாதவர்

தற்சார்பாளரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். கைத்தறிச் சட்டை, கருங்காலி மாலை, வாரத் தாடி. செருப்பு மட்டும் வெளிநாட்டுக் கம்பெனி. நெருஞ்சி முள்ளுக்குக் கொள்கையெல்லாம் தெரியாதல்லவா? பத்துப் பன்னிரண்டு வருடம் ஓ.எம்.ஆரில் கணினியைத் தட்டிச் சேர்த்த காசில் திருவண்ணாமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி, சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரில் குழைத்து மண்வீடு கட்டியிருப்பார். அவர் எதிரில் சிமெண்டு என்று சொல்லக் கூடாது. அஸ்திவாரத்தில் கொஞ்சம் இருக்கிறது. அதை அவரும் சொல்ல மாட்டார், மேஸ்திரியும் சொல்ல மாட்டார். வருகிறவர்களிடம் வணக்கத்துக்குப் பதிலாக அவர் சொல்வது, “நாங்க யாரையும் நம்பி வாழலைங்க.”

தகராறு இந்த ஒரு வாக்கியத்தோடுதான். மரம் நடுகிறார், பூச்சிமருந்து அடிப்பதில்லை, குழந்தைக்குத் தவளையைக் காட்டுகிறார். எல்லாம் நல்ல காரியம். ஆனால் யாரையும் நம்பவில்லை என்பது கணக்கில் நிற்காது. மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மின்வாரிய இணைப்பே வேண்டாமென்று கூரையில் ஒரு கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார். நல்ல வெயில் அடித்தால் நாளுக்கு நான்கு யூனிட் வரும். விளக்கு, மின்விசிறி, லேப்டாப்புக்குத் தாராளம். இரவுக்கு 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி ஒன்று. அதில் அடங்குவது 1,800 வாட்-மணி. பேட்டரி அற்பாயுசில் போகாமலிருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு 746 வாட் வேண்டும், ஆக மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் ஓடும். கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு இழுக்குமென்பதால் இன்வர்ட்டர் அதற்கும் முன்பே அலறிவிடும். இதெல்லாம் அவருக்கும் தெரியும். அதனால்தான் நிலம் வாங்கும்போதே, கிணற்றுக்கு இலவச மின் இணைப்பு இருக்கிறதா என்று மூன்று தரகர்களிடம் விசாரித்தார். கேட்டால், “அது விவசாயத்துக்குங்க, வீட்டுக்கு இல்ல.” ஐப்பசி அடைமழையில் நாலு நாள் சூரியன் தலைகாட்டாவிட்டால் செல்போன் மோட்டார் கொட்டகையில்தான் சார்ஜ் ஏறும். சோலார் தகட்டுக்குள் இருக்கும் சிலிக்கான் பெரும்பாலும் சீனத்திலிருந்து கப்பலேறி வந்தது. பேட்டரியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மின்வாரியத்து லைன்மேனை நம்பியிருந்தவர் இப்போது ஷாங்காய்த் துறைமுகத்தை நம்புகிறார். லைன்மேனையாவது கூப்பிட்டால் வருவார்.

சாப்பாட்டில் அவர் பாதி ஜெயித்துவிடுகிறார், அதை மறைப்பது நியாயமில்லை. நாலு பேர் குடும்பத்துக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி வைத்தால் வருடத்துக்கு 550 கிலோ. நெல்லாக 850 கிலோவுக்குப் பக்கம். ஓர் ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பா ஒழுங்காக விளைந்தால் போதும். ஆனால் நெல்லை அரிசியாக்க ஆலை வேண்டுமே? பெரிய மில்லில் இரண்டு மூட்டைக்காக இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள்; பழைய ஹல்லர் மில் எந்த ஊரில் மிச்சமிருக்கிறதென்று தேடி மூட்டையோடு அலைய வேண்டும். களையெடுக்க ஊர்ப் பெண்கள், அவர்களுக்குக் கூலி, கூலிக்கு ஏ.டி.எம்., ஏ.டி.எம்மில் பணம் விழப் பெரும்பாக்கத்து ஃப்ளாட்டின் வாடகை. தீப்பெட்டி, மண்வெட்டி, மூக்குக்கண்ணாடி பற்றிப் பேச்சே வேண்டாம். உப்பு பழைய விவகாரம். சங்க காலத்திலேயே உமணர்கள் வண்டி கட்டி உள்நாட்டுக்கு உப்பைக் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிப் போனார்கள். கம்பியும் கம்பெனியும் இல்லாத அந்தக் காலத்து ஊரும் யாரோ ஒருவர் வண்டியை எதிர்பார்த்துத்தான் உலை வைத்தது.

“நூற்றுக்கு நூறு யார் கேட்டார்கள்? முடிந்தவரை குறைப்பது நல்லதுதானே? காந்தியும் குமரப்பாவும் இதைத்தானே சொன்னார்கள்?” என்று அவர் தரப்பில் ஒருவர் கேட்கலாம். குறைப்பது நல்லதே. ஆனால் அவர்கள் சொன்னது இதுவல்ல. 1942இல் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் வரைந்துகாட்டிய கிராம சுயராஜ்யத்தில், முக்கியத் தேவைகளுக்கு அண்டை ஊரை நம்பாத ஊர், மற்றவற்றுக்கு ஒன்றையொன்று சார்ந்துதான் இருக்கிறது. கடைசிக் காலத்தில் தே.கல்லுப்பட்டியில் தங்கிவிட்ட ஜே.சி. குமரப்பாவும் கிராமத்துக்குத்தான் பொருளாதாரம் எழுதினார். குயவர், தச்சர், செக்கு ஓட்டுபவர் எல்லாரும் அதில் உண்டு. நம் ஆள் ஊரை வெளியே நிறுத்தி, இரண்டு ஏக்கருக்கு உயிர்வேலி போட்டுக்கொண்டார். வால்டன் குளக்கரையில் 1845இல் குடியேறிய தோரோவைத் துணைக்கு அழைத்தாலும் பலனில்லை. அவர் குடிசை போட்டது நண்பர் எமர்சனின் நிலத்தில், மரம் வெட்டியது இரவல் கோடாரியால். ஆனால் இரவல் வாங்கியதை அவரே எழுதிவைத்தார், குடிசைச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்பது உட்பட. நம்மவரிடம் அந்த நோட்டைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு உடனே பஞ்சகவ்யத்துக்குத் தாவும்.

“நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கிண்டல் செய்கிறீர்களே, ஒரு கத்தரிக்காய் விளைவித்ததுண்டா?” என்பது இன்னும் சூடான கேள்வி. இல்லைதான். நகரத்தான் பாலுக்கும் தண்ணீருக்கும் குப்பைக்கும் அடுத்தவரை நம்பியே பிழைக்கிறான். ஆனால் பால்காரர் இல்லையென்று அவன் மேடையேறிச் சொல்வதில்லை. தற்சார்பாளரின் இரண்டு ஏக்கரில் கத்தரியைவிட நன்றாக விளைவது வார இறுதிப் பயிற்சி முகாம். கட்டணம் முன்கூட்டியே, மதியச் சாப்பாடு இலவசம். முகாமில்லாத வாரங்களில் தற்சார்பு பற்றி உரையாற்றச் சென்னைக்கும் கோவைக்கும் போய்விடுவார். அந்த நாள்களில் நாட்டு மாட்டுக்கு வைக்கோல் போட்டு, இரண்டு வேளையும் பால் கறந்து, பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டரும் ஊற்றுகிறவர் பக்கத்துக் காட்டுக்காரர். “அண்ணே, நாளைக்கும் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று மேடைக்குப் பின்னாலிருந்து போன் வரும். அவரும், “நீங்க பேசிட்டு வாங்க சார்” என்பார்.