பணம் கேட்கிற ஆங்கிலம்: கேள்வி-பதில்

கேள்வி: ஸ்டார்ட்-அப் ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு நெட்டுரு பண்ணிவிட்டேன். முதலீட்டாளர் முன்னால் உட்கார்ந்ததும் வாயே திறக்க வரவில்லை. என்ன செய்யலாம்?
- இளம் தொழில்முனைவோர், நாமக்கல்

பதில்: பட்டியலைத் தூக்கிப் பரணில் போடுங்கள். பேங்க் பாஸ்புக்கை எடுங்கள். போன மாதம் கம்பெனிக் கணக்கிலிருந்து போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பக்கத்தில் ‘நெட் பர்ன்’ என்று எழுதுங்கள். இனி அது மறக்காது. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை தொகையோடு ஒட்டிக்கொண்டு இருப்பவை. உங்கள் சொந்தத் தொகையோடு படித்தால் நாக்கு தானாகப் புரளும். இலக்கணம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. தொகை பிசகினால்தான் ஆபத்து.

கேள்வி: பெங்களூரில் கம்பெனி நடத்தும் என் மகள் போனில், “அம்மா, ஆறு மாசம்தான் ரன்வே இருக்கு” என்கிறாள். ப்ளேன் ஏறி எங்கேயாவது போகிறாளா?
- ஓர் அம்மா, திருநெல்வேலி

பதில்: எங்கேயும் போகவில்லை அம்மா. அவள் கணக்கில் 60 லட்சம் இருக்கிறது என்று வையுங்கள். மாதம் செலவு 14 லட்சம், வரவு 4 லட்சம். மாதாமாதம் 10 லட்சம் கரைகிறது. ஆறு மாதத்தில் கஜானா காலி. அதற்குத்தான் ரன்வே என்று பெயர். புதிய முதலீடு பேசி முடித்துக் கைக்கு வரவே பல மாதங்கள் ஆகும் என்பதால் அவளுக்கு இப்போதே தூக்கம் போயிருக்கும். ‘கல்யாணத்தைப் பத்தி யோசிச்சியா?’ என்ற கேள்வியை ஓர் ஆறு மாதம் தள்ளிவையுங்கள்.

கேள்வி: ‘வேல்யுவேஷன் நாலு கோடி, நான் ஒரு கோடி போடுகிறேன்’ என்றார் முதலீட்டாளர். அவருக்கு 20 சதவீதப் பங்கு என்கிறேன் நான். 25 என்கிறான் பார்ட்னர். யார் சொல்வது சரி?
- பின்னலாடை மென்பொருள் செய்பவர், திருப்பூர்

பதில்: இருவருமே சரி. அதுதான் சிக்கல்! நாலு கோடி என்பது ப்ரீ-மனி, அதாவது அவர் பணம் வருவதற்கு முந்தைய மதிப்பு என்றால், பணம் வந்தபின் கம்பெனி ஐந்து கோடி. அவர் பங்கு 20. நாலு கோடியே போஸ்ட்-மனி என்றால் அவர் பங்கு 25. ஒரு கோடியும் மாறவில்லை, நாலு கோடியும் மாறவில்லை, உங்கள் கையிலிருந்து 5 சதவீதம் போயிருக்கும். “இஸ் தட் ப்ரீ-மனி ஆர் போஸ்ட்-மனி?” என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். கூச்சமே வேண்டாம், கேட்கிறவரைத்தான் மதிப்பார்கள்.

கூடவே ஆப்ஷன் பூல் பற்றியும் கேளுங்கள். ஊழியர்களுக்கென்று ஒதுக்கும் பங்கு அது. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாகச் செய்தி வந்ததே, அவர்கள் கையில் இருந்த இத்தகைய பங்குகளால்தான். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த ஒதுக்கீட்டை முதலீட்டுக்கு முன்பே செய்யச் சொன்னால், குறைவது முழுக்க உங்கள் இருவர் பங்கும்தான்.

கேள்வி: முதலீட்டு நிபந்தனைகளை எழுதித் தரும் டெர்ம் ஷீட்டில் எந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: ‘லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ்’ என்று தொடங்கும் வரியை. பெயரைப் பார்த்து, கம்பெனி திவாலானால்தான் இது தேவைப்படும் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கம்பெனியை நல்லபடியாக விற்கும்போதும் பெரும்பாலும் இந்த வரிதான் பேசும்.

இரண்டு கோடி வாங்கி 20 சதவீதம் கொடுத்தீர்கள் என்று வைப்போம். சில வருடம் கழித்து கம்பெனி மூன்று கோடிக்கு விலைபோகிறது. 80 சதவீதம் நம்முடையது, இரண்டு கோடியே நாற்பது லட்சம் வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். ‘ஒன் எக்ஸ், நான்-பார்ட்டிசிபேட்டிங்’ என்று இருந்தால், முதலீட்டாளர் போட்ட இரண்டு கோடியை முதலில் எடுத்துக்கொள்வார். உங்களுக்கு ஒரு கோடி. ‘பார்ட்டிசிபேட்டிங்’ என்றால் இரண்டு கோடியையும் எடுத்துவிட்டு, மீதியிலும் 20 சதவீதம் எடுப்பார். உங்களுக்கு எண்பது லட்சம். ‘டூ எக்ஸ்’ என்றால் அவருக்குச் சேர வேண்டியது நாலு கோடி. விற்றதே மூன்று கோடி. உங்களுக்கு ஒன்றுமில்லை.

ஒன் எக்ஸ், நான்-பார்ட்டிசிபேட்டிங் நியாயமானது. இடர் எடுத்துப் பணம் போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பேரம் பேசுங்கள். இப்படி உங்கள் தொகைகளைப் போட்டுத் தமிழில் மனைவிக்கோ அண்ணனுக்கோ விளக்க முடியாத எந்த வரிக்கும் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். வருடக்கணக்கில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

கேள்வி: “லவ் வாட் யூ ஆர் பில்டிங், லெட்ஸ் ஸ்டே இன் டச்” என்று மெயில் வந்திருக்கிறது. இனிப்பு வாங்கலாமா?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: வேண்டாம். அது மரியாதையான ‘இல்லை’. ‘கம் பேக் வித் மோர் ட்ராக்‌ஷன்’ (வளர்ச்சியைக் காட்டிவிட்டு வாருங்கள்) என்பதும், ‘ஹூ இஸ் லீடிங் த ரவுண்ட்?’ (இந்தச் சுற்று முதலீட்டை முன்னின்று நடத்துவது யார்?) என்று கேட்டுவிட்டு மௌனமாவதும் அதன் உடன்பிறப்புகள். சம்மதம் என்றால் தொகை இருக்கும், தேதி இருக்கும், காகிதம் வரும். கோபப்படாமல், “வாட் வுட் யூ நீட் டு சீ பிஃபோர் யூ இன்வெஸ்ட்?” என்று ஒரு வரி பதில் போடுங்கள். ‘மாதம் ஐம்பது வாடிக்கையாளர்கள் காசு கொடுக்கட்டும்’ என்பது போல ஏதாவது உருப்படியாக வந்தால், அது உங்கள் அடுத்த வேலை. வரவில்லையா, அடுத்த கதவு.

கேள்வி: புதுக் கம்பெனிகளில் சொந்தப் பணம் போடும் ஏஞ்சல் இன்வெஸ்டர் அதைத் திருப்பிக் கேட்க மாட்டாராமே?
- கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: தவணை கேட்க மாட்டார், வட்டி கேட்க மாட்டார். பங்கு கேட்பார். தொழில் மூழ்கினால் அவர் பணமும் சேர்ந்து மூழ்கும். ‘ஏஞ்சல் டாக்ஸ்’ என்று கேள்விப்பட்டுப் பயப்பட வேண்டாம். நியாய மதிப்பைவிட அதிக விலைக்குப் பங்கு விற்றால், அந்த அதிகப்படியை வருமானமாகக் கருதி 2012-இல் கொண்டுவந்த வரி அது. 2024 பட்ஜெட்டில் ஒழித்துவிட்டார்கள்.

கேள்வி: சிங்கப்பூர் முதலீட்டாளருக்கு ஆண்டு விற்பனை ‘1.5 எம்’ என்று ஸ்லைடில் போட்டேன். ஏகத்துக்குக் குஷியாகிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.
- மதுரை வாசகர்

பதில்: பயம் நியாயம்தான்! நீங்கள் நினைத்தது 15 லட்சம் ரூபாய். அவர் நினைத்தது 15 லட்சம் அமெரிக்க டாலராக இருந்தால், 12 கோடி ரூபாய்க்கு மேல். இன்றைக்கே திருத்தி அனுப்புங்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். எண்ணுக்கு முன்னால் எந்த நாட்டுப் பணம் என்பதை எழுதாமல் ஸ்லைடை மூடாதீர்கள்.

கேள்வி: நானும் பள்ளித் தோழனும் ஆளுக்குப் பாதி. பதினோராவது மாதம் கனடாவில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். பாதிக் கம்பெனி இன்னமும் அவன் பெயரில். இதற்கு ஏதாவது சொல் உண்டா?
- சேலம் வாசகர்

பதில்: உண்டு. ‘வெஸ்டிங்’. நிறுவனர்களின் பங்கு முதல் நாளே முழுதாகச் சேராமல், வழக்கமாக நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றுமே இல்லை. அந்த வரம்புக்கு ‘கிளிஃப்’ என்று பெயர். எழுதி வைத்திருந்தால் உங்கள் தோழனுக்கு ஒரு பங்கும் சேர்ந்திருக்காது. எழுதாததால் இனி பேசித்தான் வாங்க வேண்டும். சண்டை வேண்டாம். அவர் உழைத்த பதினோரு மாதத்துக்கு நியாயமான ஒரு சிறு பங்கை விட்டுக்கொடுத்து, மீதியைத் திருப்பி எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முதலீட்டாளர் வருவதற்குள் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் ‘டியூ டிலிஜென்ஸ்’ என்ற கணக்கு, ஆவண ஆய்வைச் செய்யும்போது கேட்கும் முதல் கேள்வியே கனடாவில் இருப்பவர் யார் என்பதாகத்தான் இருக்கும்.