மாப்ள, மாட்டுக் காலைப் பார்த்தியா?

வா மாப்ள. மூணாவது சினை ஊசியும் நிக்கலையாம், ஊசி போட்டவருக்குக் கைராசி இல்லையாம், டீக்கடையில பேசிக்கிட்டாங்க. குறி கேக்கக் கிளம்பிட்டியாமே? நல்லாப் போய்ட்டு வா. அதுக்கு முந்தி உன் ஜெர்சியை நாலு எட்டு நடக்க விடு. நடக்கும்போது முதுகு கூனுதே, அது உனக்குக் குடுக்குற மரியாதைன்னு நினைச்சியா?

பின்னங்கால் வெளிக்குளம்பைத் தூக்கிப் பாரு. மாசத்துக்கு அரை சென்டிமீட்டர் வளர்ற சாமான் அது. சிமெண்டுத் தரையில கட்டிப்போட்ட மாடு அதை எங்க நடந்து தேய்க்கும்? நுனி நீண்டு, பாரம் பூரா பின்னாடி இறங்கி, அடிப்பாதத்துல புண்ணு. கட்டைவிரலால அழுத்து, வெடுக்குன்னு இழுத்துக்கும்.

மாட்டுப் பொங்கலன்னிக்கு அண்டாப் பொங்கலை அது வாயில கொட்டினியே, என்னா பாசம்! அம்புட்டுச் சோத்துல வயிறு புளிச்சா குளம்புக்குள்ள ரத்த ஓட்டம் கெட்டுப்போகும். அதனால வர்ற காயம் அடிக்கு வந்துசேர ரெண்டு மூணு மாசம் ஆகும். தையில தின்னதுக்குப் பங்குனியில நொண்டும். அதுக்குள்ள உனக்குப் பொங்கலே மறந்திருக்கும்.

இதுக்கும் சினைக்கும் என்ன சம்பந்தம்னு முழிக்கிறே. கால்ல ஆணி வந்தவனைக் கல்யாண ஊர்வலத்துல குத்தாட்டம் போடச் சொன்னா போடுவானா? 21 நாளைக்கு ஒருக்கா வர்ற பருவம், அதுவும் ஒரு பகலோ ஒரு ராத்திரியோதான். அதுக்குள்ள மாடு இன்னொண்ணு மேல தாவணும், தன் மேல தாவினா அசையாம நிக்கணும். கால் வலிக்கிற மாடு ரெண்டுக்கும் வராம படுத்தே கிடக்கும். நீயும் ஊமைப் பருவம்னு சொல்லிட்டுப் போயிடுவே. எப்படியோ கண்டுபிடிச்சு ஊசி போட்டாலும், வலியில சுரக்கிற ஹார்மோன், முட்டையை வெடிக்க வைக்கிற ஹார்மோனை அமுக்கிப்புடும். தீவனமும் சரியா எடுக்காது. கன்னு போட்ட மாடு உடம்புக் கொழுப்பைக் கரைச்சு உனக்குப் பாலா ஊத்திட்டு நிக்குது, சினைக்கு எங்க தெம்பு மிஞ்சும்? இதுல கைராசி எங்க வந்துச்சு?

வண்டி மாட்டுக்காவது லாடக்காரர் குளம்பைச் சீவிட்டுத்தான் லாடம் அடிப்பார். கறவைக்கு அந்த யோகமும் இல்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை மாட்டு டாக்டரை வச்சுக் குளம்பைச் சீவிடு. தரையில ரப்பர் பாய் போடு. குளம்பிடுக்கு அழுகலுக்கு 100 லிட்டர் தண்ணியில 5 கிலோ மயில்துத்தம் கரைச்சு, கழுவின காலோட அதுல நடக்க விடு. அடிப்பாதப் புண்ணுக்கு அது கேக்காது, டாக்டர் கத்திதான். மிஞ்சின தண்ணியை வாய்க்கால்ல ஊத்திப்புடாதே, மீன் மிதந்துச்சுன்னா ஊரே உன் வாசல்ல நிக்கும்.

சீவும்போது காலைப் பிடிக்க ஆள் வேணும். என்னைக் கூப்பிடாதே, எனக்கு இடுப்பு வலி. என் மகனைக் கூட்டிட்டுப் போ, அவன் உதை வாங்கிப் பழகினவன்.