நுரையே துணை

சலவைத்தூள் விளம்பரத்தில் சிரிக்கும் அம்மாவுக்கு எந்த ஊர்த் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. காரைக்காலின் கடலோரத் தெருக்களில் போர் போட்டால் பல இடத்தில் உப்புத் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் தூளை வழியிலேயே மடக்கிக்கொள்கின்றன. அழுக்குவரை அது போய்ச் சேருவதில்லை. பார் சோப்பு என்றால் வெள்ளைத் திப்பியாகி வாளியில் ஒட்டும். அழுக்குதான் கழன்றது என்று நாமும் மகிழ்ந்துகொள்வோம்.

இப்படிப்பட்ட கடின நீரை அடக்க சியோலைட், பாஸ்பேட் என்று ஏதாவது சேர்க்க வேண்டும். அதற்குக் காசு ஆகும். அதனால் மலிவுத்தூளில் எடைக்கு சோடியம் சல்பேட்டையோ சாதா உப்பையோ கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர்க்காரன் உப்பைக் காசு கொடுத்து வாங்கிக் கரைக்கிறான்! விளம்பரம் காட்டும் பளீர் வெண்மையிலும் வித்தை உண்டு: ஒளிர்வூட்டி என்ற சாயம் புற ஊதாக்கதிரை வாங்கி நீல ஒளியாக விடும், மங்கிய துணி வெளுத்ததுபோலத் தெரியும்.

நுரை வரவில்லையே என்று இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடுவோம். அலசிப் போகாத தூள் துணியிலேயே குடியிருந்து மறுநாள் புழுதியையும் இழுக்கும்.

காரைக்காலின் ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசும் பழத்தைப் பிடித்த வெள்ளை வேட்டியைக் கேட்டுப் பாருங்கள், சொனைக்கறை பற்றிச் சொல்லும். பருத்தித் துணிக்கு, முதலில் தண்ணீரில் கொஞ்சம் சலவைச்சோடா கரைத்தாலே தூளுக்குப் பாதி பாரம் குறையும். ஆனால் அதற்கு நடிகையும் இல்லை, பாட்டும் இல்லை. யார் வாங்குவார்கள்?