காசிமேட்டு மாயாவி

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத ஊர் காசிமேடு. அங்கே பிறந்து வளர்ந்த காமிக்ஸ் ரசிகர் அட்டைப் படத்தைப் பார்த்து மயங்கமாட்டார். கூரியரில் வந்த புத்தகத்தை நடுவில் பிரிப்பார், மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார், கறுப்பு மையைக் கட்டைவிரலால் தேய்ப்பார், அப்புறம்தான் கையெழுத்துப் போடுவார். சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸ் பார்சலை மோந்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆசாமி சென்னையிலேயே இவர் ஒருத்தர்தான் என்று கூரியர் பையன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இல்லை. கல்மண்டபத்தில் ஒருவர், தண்டையார்பேட்டையில் ஒருவர், திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒருவர் என்று இந்த வர்க்கம் வடசென்னை முழுக்க இருக்கிறது. வயது ஐம்பதுக்கு மேல். தொழில் எதுவாகவும் இருக்கும். பட்டப்பெயர் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: மாயாவி.

நம் காசிமேட்டு மாயாவி விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். எண்ணூரில் செய்த லேலண்ட் இன்ஜின் எந்தக் கோளாறில் இருமுகிறது என்பதைக் கரையில் நின்றபடியே சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் இன்ஜினைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் முடித்துக்கொள்வார். இந்த மாத இதழ் எப்படி என்று கேட்டுவிட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். அன்றைக்கு அந்தப் படகு கடலுக்குப் போகாது.

கடற்காற்றில் முதலில் சாவது ஸ்டேப்ளர் பின்தான். பின் துருப்பிடித்தால் நடுப்பக்கம் கழன்று வந்துவிடும். வில்லனின் ரகசிய அறை எப்போதும் நடுப்பக்கத்தில்தான் இருக்கும். அதனால் மாயாவி எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் காரியமாகப் பின்னைப் பிடுங்கிவிட்டு, வலை பொத்துகிற நைலான் நூலால் தைத்து முடிச்சுப் போட்டுவிடுவார். முடிச்சு அவிழாது. தைத்த புத்தகங்கள் மீன் ஏற்றுமதிக்கு வந்த தெர்மாகோல் பெட்டிக்குள் போகும். பழைய இதழ் சேகரிப்பவர் ஒருவர் அண்ணா நகரிலிருந்து காரில் வந்து இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். "பின்னை எடுத்துட்டா விலை போச்சே சார்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாராம். "விக்கிறவனுக்குத்தானே விலை" என்று பெட்டியை மூடிவிட்டார் மாயாவி. அந்த மனிதர் போன பிறகும் சட்டையில் இறால் வாசனை அடித்திருக்கும்.

இவருடைய மதத்துக்கு மூலவர் இரும்புக்கை மாயாவி. 1962-ல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ பத்திரிகையில் பிறந்து, 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தவர். ஒரு கை போய் இரும்புக்கை மாட்டிக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இதைக் குழந்தைக் கதை என்று சொல்பவர்களுக்காக நம் மாயாவி ஓர் ஆராய்ச்சி வைத்திருக்கிறார்.

"எண்ணூர் பவர் ஹவுஸ் ஓட ஆரம்பிச்சது எழுபதுல. மாயாவி தமிழ்நாட்டுக்கு வந்தது எழுபத்திரண்டுல. தானா நடந்துச்சுன்னு நெனைக்கிறியா நைனா? மொதல்ல கரண்டு, அப்பாலதான் ஆளு."

இதை மறுத்துப் பேசியவர்கள் டீ கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்கள். 2017-ல் அந்த அனல்மின் நிலையத்தை மூடியபோது தொழிற்சங்கத்துக்காரர்களுக்கு அடுத்தபடியாக வருத்தப்பட்டவர் இவராகத்தான் இருப்பார். 2008 வாக்கில் தமிழ்நாடே மின்வெட்டில் வியர்த்துக் கிடந்தபோது அவர் சொன்ன விமர்சனம் இன்றைக்கும் ஐஸ் கம்பெனி வாசலில் மேற்கோள் காட்டப்படுகிறது: "இப்ப மாயாவி வந்தா இன்னா ஆவும்? சுவிட்ச்சுல கைய வெச்சிக்கினு எட்டு மணி வரைக்கும் குந்திக்கினு இருப்பான். வில்லன் வந்து வெத்தலை பாக்கு வெச்சி இட்டுக்கினு போயிடுவான்."

எதிர் முகாமும் உண்டு. 1984-ல் தொடங்கிய ராணி காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களுக்கு மாயாவி என்றால் முகமூடி போட்டு, குதிரையும் ஓநாயுமாய்க் காட்டில் திரிகிறவர். லீ ஃபாக் 1936-ல் படைத்த ஃபேன்டம்தான் அங்கே அந்தப் பெயரில் உலவினார். இரண்டு முகாமும் சந்தித்தால் பேச்சு தடிக்கும். "குகையில குந்திக்கினு கரண்டு பில்லே கட்டாதவன் எப்டிபா மாயாவி ஆவான்?" என்பதுதான் நம்மவரின் கடைசி ஆயுதம். எதிர்த் தரப்பு அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

ஸ்பைடர் விஷயத்தில் அவர் இன்னும் கறார். உலகத்துக்கு ஸ்பைடர் என்றால் சிவப்பு நீலச் சட்டை போட்ட அமெரிக்கப் பையன். லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்கு அது கூரான காதும் கோணல் சிரிப்பும் கொண்ட, குற்றவாளிகளுக்கே ராஜாவாக ஆசைப்பட்டு அப்புறம் திருந்திய பிரிட்டிஷ் ஸ்பைடர். ஹெலிகாரில் வருவான், வலைத் துப்பாக்கியால் சுடுவான். அமெரிக்கப் பையன் 1962, இவன் 1965 என்று யாராவது மூத்தவன் இளையவன் பிரச்சினையைக் கிளப்பினால், மாயாவி நிதானமாக பீடியைப் பற்றவைத்துவிட்டுச் சொல்வார்: "சூப்பர்மேனைப் படைச்சாரே ஜெர்ரி சீகல், அந்தாளே வந்து நம்ம ஸ்பைடருக்குக் கதை எழுதினாரு. ஒன் ஆளுக்கு எழுதினாரா?" இது உண்மையான தகவல். அதனாலேயே சபை அமைதியாகிவிடும். மற்றபடி இரண்டு பேரின் வலையிலும் அவருக்குத் தொழில்முறைக் குறை இருக்கிறது: கண் ரொம்பப் பெரிசு, திருடன் தவிர வேறெதுவும் மாட்டாது.

புது அமெரிக்க இதழ்கள் அவருக்கு அக்கா மகன் மூலமாக வருகின்றன. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்க வரும்போது டேப்லட்டையும் கொண்டுவந்து, பக்கம் பக்கமாகத் தள்ளி மாமாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போவான். மாமா தீர்ப்புச் சொல்வார். தீர்ப்புக்கு மேல் முறையீடு கிடையாது.

பேட்மேன் மேல் அவருக்கு நாற்பது வருஷத்துக் காண்டு. "பங்களா கீது, காரு கீது, கார் துடைக்க ஒரு ஆளு கீறான். அத்தினி துட்டு இருந்தா எங்க தெருவுல பத்து பேட்மேன் இருப்பான்." 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிரகோட்டா வரைந்து ‘அப்சல்யூட் பேட்மேன்’ வந்தது. அதில் புரூஸ் வேனுக்குச் சொத்து கிடையாது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பையன் சிவில் இன்ஜினீயர், சாமான்களைத் தானே உருவாக்கிக்கொள்கிறான். மருமகன் இதைச் சொன்னதும் மாயாவி கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"வாத்தியார் புள்ளையா? அப்டிச் சொல்லு! இத்தினி வருசம் கழிச்சாவது ஒருத்தனுக்குப் புத்தி வந்துச்சே!"

நெஞ்சில் இருக்கும் வவ்வால் சின்னத்தைக் கழற்றினால் கோடரி என்ற இடத்தில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "ஐஸ் பார் உடைக்க ஆவும்" என்றார். அவர் அகராதியில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அந்த பேட்மேனுடைய வண்டியின் அளவைப் பற்றி மட்டும் ஒரு தொழில்நுட்ப ஆட்சேபம் தெரிவித்தார்: சூரியநாராயணா தெருவில் அது திரும்பாது.

அதே வருஷம் ஜனவரியில் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ அவரைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. ஜோனதன் ஹிக்மேன் எழுதிய இந்தக் கதையில் பீட்டர் பார்க்கர் முப்பதைத் தாண்டியவன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்து, தாடியும் வைத்த பிறகுதான் சக்தி வருகிறது. "இதான் கதை. இருபது வயசுல செவுத்துல ஏறுறது இன்னா பெரிய விசயம்? ஸ்கூல் பீஸ் கட்டிட்டு ஏறு பாக்கலாம்." 2007-ல் வந்த வேறொரு கதையில் இதே பீட்டர், அத்தையைப் பிழைக்கவைக்கத் தன் கல்யாணத்தையே சாத்தானிடம் எழுதிக் கொடுத்துவிட்டான் என்பதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. "அத்தை மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்குக் கட்டின பொண்டாட்டியவா குடுப்பான் கஸ்மாலம்?"

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏன்யா, அந்த தெர்மாகோல் பொட்டிக்குப் பதிலா என்னைக் கேட்டிருந்தா நீ எத்தினி நிமிசம் யோசிப்பே?"

மாயாவி டேப்லட்டை மருமகனிடம் கொடுத்துவிட்டு அடுத்த கதைக்குப் போனார்.

சூப்பர்மேன் 1992-ல் செத்து 1993-ல் திரும்பி வந்ததைப் பற்றியும் அவருக்கு ஒரு கேள்வி உண்டு. பந்தலுக்கும் பேண்டுக்கும் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கும் செலவழித்த துட்டை யார் திருப்பிக் கொடுப்பது? கொட்டு அடித்து வெடி வைத்து எடுத்துப் போகிற ஊரில் இது நியாயமான கணக்குதான்.

ஆனால் இவருடைய விமர்சனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அமெரிக்கக் கதைகளில் ஹீரோக்கள் எப்படி உருவாகிறார்கள்? 1956-ல் வந்த ஃபிளாஷ் மேல் மின்னல் தாக்கி ரசாயனப் பாட்டில்கள் கொட்டுகின்றன, காற்றாய் ஓடுகிறான். 1964-ல் வந்த டேர்டெவில் லாரியிலிருந்து விழுந்த கதிரியக்கச் சரக்கு பட்டுக் கண்ணை இழக்கிறான், மற்ற புலன்கள் கூர்மையாகிவிடுகின்றன. ஹல்க்குக்குக் காமாக் கதிர். ஜோக்கருக்குக்கூட ஒரு ரசாயனத் தொட்டி. இதையெல்லாம் கேட்டுவிட்டு மாயாவி வடக்கே கையைக் காட்டுவார்.

"லாரியிலேர்ந்து கொட்டணும், அவ்ளோதானே? எண்ணூர் ரோட்டுல நிக்கிற லாரிக்கு இங்க வூட்டுக்கு ரெண்டு டேர்டெவில் இருக்கணும். 2017-ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் வந்துச்சே, வாளியில மொண்டாங்களே, நானும் போயி மொண்டேன். அமெரிக்காவா இருந்தா வாளிக்கு ஒரு ஹீரோ வந்திருப்பான். எனக்கு இன்னா வந்துச்சு? அரிப்பு."

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் படிந்தது. அந்த மாதக் கடைசியில் ஓர் இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காமிக்ஸ் கணக்குப்படி பொழுது விடிவதற்குள் ஒரு படையே பறந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார்கள். "அவன் புக்குல எல்லாத்தையும் வரையறான் நைனா. ஓ.பி. சீட்டு மட்டும் வரைய மாட்டேன்றான்." சூப்பர் ஹீரோ கதைகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஒரு நாள் காசிமேட்டில் வந்து உட்காரலாம்.

இவ்வளவு குறை சொல்கிற மனிதர் படிப்பதை விடுவாரா என்றால், ஜனவரி வந்தால் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி நந்தனத்தில் இறங்கி, புத்தகக் காட்சியில் லயன்-முத்து ஸ்டாலை நேராகப் போய்ச் சேருவார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். கோயிலுக்குக்கூட அதைப் போடுவதில்லை. அங்கே அவரைப் போலவே நரைத்த இன்னொரு இருபது பேர் முன்பதிவு செய்த இதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய தாளில் கறுப்பு வெள்ளையில் வந்ததுதான் அசல் என்றும் இந்தப் பளபளத் தாள் கண்ணைக் கூசுகிறது என்றும் சத்தமாகப் புலம்பிக்கொண்டே அடுத்த வருஷத்துச் சந்தாவைக் கட்டுவார்கள். மகள் வேறு வரிசையில் நிற்பாள். அவள் ஜப்பானிய மங்கா கட்சி. "கடைசிப் பக்கத்துலேர்ந்து படிக்கிறா. வில்லன் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சுடாது?" என்று கவலைப்படுவார். அது அப்படியல்ல என்று விளக்குவதை அவள் நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் படகுகள் கரையில். ஊருக்கு ஓய்வு, இன்ஜின் மெக்கானிக்குக்கு அப்போதுதான் இடுப்பொடிகிற வேலை. ஆனாலும் வலை பொத்துகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதால் இவருக்குச் சபை தானாகச் சேர்ந்துவிடும். போன தடைக்காலத்தில் அந்தச் சபையில் அக்குவாமேன் எடுத்துக்கொள்ளப்பட்டார். 1941-ல் வந்தவர், கடலுக்கு ராஜா, மீன்களோடு பேசுபவர். மாயாவி ஒரே வீச்சில் முடித்துவிட்டார்.

"இவன் ஹீரோவே இல்ல. வலை வருதுன்னு மீனாண்ட போட்டுக் குடுத்துடுவான். நம்ம தொழிலுக்கு மொத வில்லன் இவன்தான்."

வலைக்காரர்கள் ஆமோதித்தார்கள். ஒருவர் அக்குவாமேன் மேல் மீன்வளத் துறையில் மனு கொடுக்கலாம் என்றார். சோற்றுத் தூக்கோடு வந்த மாயாவியின் மனைவி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். கூடை சுமந்து மீன் விற்று வீட்டை நடத்துகிறவள். காமிக்ஸில் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

"இன்னாயா உங்க புத்தி? மீனோட பேசத் தெரிஞ்சவன் ஒருத்தன் கீறான்னா, அவனாண்ட வஞ்சிரம் எந்தப் பக்கம் போச்சுன்னு கேட்டு வாங்கத் தெரியல. அத்தினி டீசலை ஊத்திக்கினு ஆந்திரா வரைக்கும் தேடுறீங்க. மீன் பாக்கற மெசினுக்கு வேற துட்டு."

தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சபையில் யாரும் பேசவில்லை. மாயாவி சாப்பிட்டார், கையைக் கழுவினார், மருமகனுக்குப் போன் போட்டார்.

"டேய், அந்த அக்குவாமேன் 41-லேர்ந்து இன்னா இன்னா பேசினான்னு மொத்தமா எடுத்து வை. ஞாயித்துக்கெழமை வர்றப்ப கொண்டா. வஞ்சிரத்தைப் பத்தி எதுனா சொல்லிக்கிறானான்னு மட்டும் இப்பவே பாத்துச் சொல்லு."