உத்தம நிரல் உபதேசியார்

ஜொகூர் பாருவிலோ ஸ்கூடாயிலோ, கீழே பல் வைத்தியரும் மேல்மாடியில் மென்பொருள் நிறுவனமும் குடியிருக்கும் ஏதேனும் ஒரு கடைவீட்டின் படியேறிச் சென்றால், இளைஞர்கள் பலர் திரைமுன் குனிந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் கைகட்டி நின்று, அடுத்தவன் எழுதிய நிரலை எட்டிப் பார்த்து, தலையை மெல்ல அசைத்து, நீண்ட பெருமூச்சொன்றை விடும் மனிதர் ஒருவரை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். அவர் மேலதிகாரி அல்லர். சம்பளத்திலும் மற்றவர்களைவிட அப்படியொன்றும் உயர்ந்தவர் அல்லர். பந்தியில் ‘போதும், போதும்’ என்று இலையை மறைப்பவனின் விரலிடுக்கிலும் பாயசம் ஊற்றுகிறவரைப்போல, தாம் அறிந்த நற்கொள்கைகளைச் சக நிரலாளர்களுக்கு வழங்குவதற்கென்றே ஜன்மமெடுத்தவர்.

பிரசங்கம் பெரும்பாலும் மாமாக் கடையில் நடைபெறும். கண்ட இடத்துக்குத் தாவும் ‘கோ டு’ கட்டளையின் தீங்கைக் குறித்து எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-இல் எழுதிய கடிதத்தில் தொடங்கி, அதன் புகழ்பெற்ற தலைப்பை இட்டவர் டைக்ஸ்ட்ரா அல்லர், பத்திரிகாசிரியர் நிக்லாஸ் விர்த்தே என்னும் உபகதையை ஒரு நாளும் விடாமல் சொல்லி, நால்வர் கூடி 1994-இல் வெளியிட்ட இருபத்துமூன்று வடிவமைப்பு முறைகளின் வழியாக அவர் வந்து சேர்வதற்குள், ரொட்டி சானாய் ஆறி, தே தாரிக்கில் ஆடை படிந்திருக்கும்.

“தம்பி, ஒரே விஷயத்தை ரெண்டு எடத்துல எழுதலாமா?”

“எழுதக்கூடாதுண்ணே.”

“எழுதினா?”

“ஒண்ண மாத்திட்டு இன்னொண்ண மறந்துருவோம்ணே.”

“மறந்தா?”

“அண்ணே, ரொட்டி ஆறுது.”

அவர் சொல்வது அனைத்தும் சத்தியம் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். 2015 ஏப்ரலில் பொருள் சேவை வரி நூற்றுக்கு ஆறு என்று இந்நாட்டில் அமுலாயிற்று. 2018 ஜூனில் அது பூஜ்யமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. ஆறு என்ற எண்ணைப் பில் போடும் இடத்தில் ஒரு முறையும், ரசீது அச்சிடும் இடத்தில் ஒரு முறையும், மாதக் கணக்கில் ஒரு முறையுமாக விதைத்து வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் உபதேசியாரைப் பரிகசிக்க மாட்டார்கள். எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டென்று நம்பி எழுதப்பட்ட படிவங்கள், அடையாள அட்டையில் ‘ஏ/எல்’ என்று சாய்கோட்டோடு நிற்கும் தமிழன் பெயரைக் கண்டு மிரளும் விந்தையையும் அவர்தாம் எங்களுக்கு முதலில் எடுத்துரைத்தார்.

ஆயினும், பல்கலைக்கழகத்திலிருந்து புதிதாக வந்த பையன் ஐந்து வரி எழுதி ரிவியூவுக்கு அனுப்பினால், அதற்கு அவர் எழுதும் வியாக்கியானம் இரண்டு பக்கத்துக்குக் குறையாது. மாறிக்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்ட பாவத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. இவ்வாறு பக்குவப்பட்ட சிஷ்யர்களில் பலர், சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதை உத்தேசித்து, 1924-இல் திறந்த கோஸ்வேயைக் கடந்து அக்கரை சேர்ந்துவிடுகிறார்கள். உபதேசியாருக்கு அதில் வருத்தமில்லை. கொள்கை பரவுகிறதல்லவா!

அவருடைய மகாகிருதி, எங்கள் அலுவலகம் தொழிற்சாலைகளுக்கு விற்கும் சம்பளக் கணக்கு நிரல். எதிர்காலத்தில் எது மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பது அதன் மூலமந்திரம். ஜொகூர்க்காரர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சித்தாந்தமன்று. 2014 முதல் இம்மாநிலத்தின் வார ஓய்வு வெள்ளியும் சனியுமாக இருந்தது. கோலாலம்பூருக்கும் அக்கரைக்கும் சனியும் ஞாயிறும். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து நமக்கும் சனி, ஞாயிறு என்று அறிவிப்பாயிற்று. வெள்ளிக்கிழமையை நிரலெங்கும் இறைத்து வைத்திருந்த நிறுவனங்கள் டிசம்பர் முழுவதும் விளக்கணையாமல் உழைத்தன. உபதேசியாரோ, “ஒரே எடம்! ஒரே வரி!” என்று கூறிவிட்டு, இன்னொரு தே தாரிக் வரவழைத்தார்.

உண்மையில் அது ஒரே வரிதான். ஆனால் அந்த வரி எங்கே இருக்கிறதென்று தேடப் புகுந்தபோதுதான், ஒன்றை உண்டாக்குவதற்கு ஒன்று, அதை உண்டாக்குவதற்கு மற்றொன்று எனப் பிராகாரம் பிராகாரமாக அவர் எழுப்பியிருந்த நிர்மாணத்தின் விஸ்தீரணம் அனைவருக்கும் விளங்கிற்று. வெள்ளிக்கிழமை என்று தேடினால் அகப்படவில்லை. பெயர்கள் பொதுத்தன்மை உடையனவாக இருக்க வேண்டும் என்பதால் அதற்கு ‘காலசுழற்சி விலக்குக் கொள்கை வழங்கி’ என்று நாமகரணம் செய்திருந்தார். கட்டியவரே வழி தவறி இரண்டாம் பிராகாரத்தில் நின்றுவிட்டார். ‘எக்ஸ்’ என்று எழுதிக் கண்டிக்கப்பட்ட அந்தப் பையன்தான், மூன்றாம் நாள் மாலை, ஒரு கோப்பின் அடியில் அதைக் கண்டெடுத்தான். திருத்த ஒரு நிமிஷமும் ஆகவில்லை.

உபதேசியாரின் ஆனந்தத்துக்கு அளவேயில்லை. தம் கொள்கை நிரூபணமாயிற்று என்று கருதி, அவ்வெற்றியின் தத்துவத்தை விளக்கும்பொருட்டு, புத்தாண்டின் முதல் சனிக்கிழமையன்று காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் விசேஷ வகுப்பொன்றைக் கூட்டினார். தாட்சணியத்துக்குக் கட்டுப்பட்டு எல்லோரும் வந்து, வாசலில் அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே அமர்ந்தோம். எங்கள் சம்பளமும் அதே நிரலின் வழியாகத்தான் கணக்காகிறது. மாத முடிவில் அது, அன்று வந்திருந்த ஒவ்வொருவருக்கும், ஓய்வுநாளில் உழைத்தமைக்குரிய கூடுதல் ஊதியத்தை ஒரு காசு பிசகாமல் கூட்டி, முதலாளியின் மேஜைக்கு அனுப்பி வைத்தது.